மாம்பழம் மணத்த புகையிலை

ஒரு காட்டில் குரங்குக் கூட்டமும் மான் கூட்டமும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தன. குரங்கு மர உச்சியில் காவல் இருக்கும். மான்கள் கீழே தலை குனிந்து மேயும். சிறுத்தை தலை காட்டினால் குரங்கு உரக்கக் கத்தும், மான்கள் பறந்துவிடும்.

நெட்டைவாலன் என்ற இளங்குரங்குக்கு அந்த வருஷம் காவல் வேலை கிடைத்தது. புள்ளி என்ற மான் அவனுடைய உயிர்த்தோழி. "நீ மேல இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் தலையக் குனியறேன்!" என்பாள்.

ஒருநாள் ஒரு புனுகுப்பூனை புகையிலையோடு வந்தது. எதையும் மோந்து பார்த்துத்தான் வாயில் போடுவது குரங்குகளின் வழக்கம். வெறும் புகையிலையை அவை முன்பே மோந்து, தூ என்று எறிந்திருந்தன. பூனைக்கு அது தெரியும். அதனால் இலையை மாம்பழச் சாற்றில் ஊறவைத்திருந்தது.

"மோந்து பாருங்க தம்பிகளா!"

"ஆகா, மாம்பழம்!" என்று இளசுகள் குதித்தன.

"ஏலக்காய் போட்டதும் இருக்கு. தொண்டைக்கு ரொம்ப நல்லது!" என்று கூசாமல் புளுகியது பூனை.

புள்ளிக்கு மனசு கேட்கவில்லை. "அது புகையிலைதானே, நெட்டை?"

"போடி! புகையிலைன்னா ஊர்ல மனுஷக் கிழங்கட்டைங்க மெல்லுற கசப்பு. இது பழம் மாதிரி! மூக்கு பொய் சொல்லுமா? வேண்டாம்னா நாளைக்கே விட்டுடுவேன்!"

விட்டான் பாருங்கள்!

முதல் இலையைச் சும்மா கொடுத்த பூனை, பிறகு இலைக்கு ஒரு கை அத்திப்பழம் கேட்டது. வாயில் இலை இல்லாவிட்டால் நெட்டைவாலனால் உச்சியில் உட்காரவே முடியவில்லை. இந்தக் கிளைக்குத் தாவுவான், அந்தக் கிளைக்குத் தாவுவான், வாலைக் கடிப்பான். அவன் கண் சிறுத்தையைத் தேடவில்லை. பூனை வரும் பாதையையே பார்த்தது. தொண்டை கட்டிக்கொண்டது. எந்நேரமும் இருமல். முதலில் அந்தச் சத்தத்துக்கு மிரண்ட மான்கள், "நம்ம நெட்டைதான்" என்று பழகிக்கொண்டன.

ஒரு சாயங்காலம் புதர் அசைந்தது. சிறுத்தை! அதற்கு நேர் எதிரே புள்ளி மேய்ந்துகொண்டிருந்தாள்.

நெட்டைவாலன் பதறிப்போய் வாயைத் திறந்தான். கத்தல் வரவில்லை. இருமல்தான் வந்தது.

புள்ளி காதை ஒருமுறை ஆட்டினாள். 'பாவம், இன்னைக்கும் இருமறான்' என்று நினைத்து மறுபடி தலை குனிந்தாள்.

சிறுத்தை பாய்ந்தது.

மற்ற மான்கள் சிதறி ஓடின. புள்ளி எழுந்திருக்கவில்லை. நெட்டைவாலன் கிளையை உலுக்கி உலுக்கி அழுதான்.

மறுநாள் அந்த மரத்தடிக்கு ஒரு மானும் வரவில்லை. புனுகுப்பூனை மட்டும் வந்தது. "இன்னைக்குப் பலாப்பழ வாசனை, தம்பி!"

"பாவி! என் புள்ளியக் கொன்னுட்டியே!" என்று அதன் மேல் பாயத்தான் நெட்டைவாலன் இறங்கினான். ஆனால் கிட்டே போனதும் அவன் கை அவனைக் கேட்காமலே இலைக்கு நீண்டது.

எந்தப் பழத்தின் மணத்தைப் பூசினாலும் நஞ்சு நஞ்சுதான். அதை வேண்டாம் என்று சொல்ல ஏற்ற நேரம் முதல் முறை நீட்டப்படும்போதுதான்.