இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கேளுங்கள் இந்தக் கூத்தை. ஒரு வார இதழில் மதிப்புரை எழுதுகிறவர் மெய்யழகனார். அதைத் தட்டச்சு செய்கிறவள் தவச்செல்வி. மூன்று மணிக்கு அவர் ஆறு புத்தகங்களை அவள் மேசையில் தொப்பென்று போட்டார். நாவல், சமையல், யானை வைத்தியம், எல்லாம் கலந்து.

"நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது. ஆறையும் படிச்சு, ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி எழுது. பேர் என்னுது. முடியலேன்னா நாளையிலேருந்து வராதே."

கடிகாரம் ஓடியது. அவரும் உட்காராமல் அறையை அளந்துகொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லிக் காட்டுங்க. அதைப் பார்த்து மத்த அஞ்சையும் முடிச்சிடுறேன்" என்று தடித்த நாவலை நீட்டினாள் தவச்செல்வி.

முன்னட்டையைத் தடவினார், பின்னட்டையை வாசித்தார், திறக்கவே இல்லை. "எழுதிக்கோ. தெளிந்த நீரோடை போன்ற நடை. இடையில் சற்றே தொய்வு. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கண்ணீர் விட்டேன்."

பக்கத்தை வாங்க வந்த இதழாசிரியர் ரோசலின் அதைப் படித்து உருகிப்போனார். "அந்தப் பக்கத்துலேருந்து ரெண்டு வரி சேர்ப்போமே" என்று நாவலைத் திறந்தார். வெள்ளைத்தாள். முதலிலிருந்து கடைசிவரை வெள்ளைத்தாள். அட்டை பொருந்துகிறதா என்று பார்க்க அச்சகத்தில் கட்டும் மாதிரியைப் பதிப்பகம் தவறுதலாக அனுப்பியிருந்தது. காலையில் பார்சலைப் பிரித்த தவச்செல்விக்கு மட்டும் அது தெரியும்.

"என்ன சார், எழுத்தையே காணோம்?"

தவச்செல்விதான் பணிவாகச் சொன்னாள்: "ஐயா விட்ட கண்ணீர்ல கரைஞ்சிருக்கும் மேடம்."

அடுத்த வாரம் மதிப்புரைப் பக்கத்தில் வந்த பேர் தவச்செல்வி. அவள் படித்துவிட்டுத்தான் எழுதுகிறாள்.