வண்டியின் செருப்பு

சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

அடைக்கலனார் எங்கள் ஊர்ச் சந்தை முக்கில் பழைய டயரை அறுத்துச் செருப்புத் தைத்து வந்தார். ஞாயிறு விடிந்தால் அய்யனார் காட்டில் இருப்பார். அந்தக் காட்டைச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. அதை வேரோடு பறித்து, முன்பு அங்கிருந்த வீரையையும் உசிலையையும் மறுபடி நட, சத்துணவுக்கூடத்துப் பூமயில் அம்மாள் ஆறு பேரைச் சேர்த்திருந்தார். ஆறு பேரில் கடைசி ஆள் அடைக்கலனார். முள் சுமப்பது அவர் வேலை.

எல்லைக்கல்லுக்கு உள்ளே செருப்புக் கூடாது என்பது அய்யனார் கட்டளை. ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர் பதினோரு வருடம் வெறுங்காலில் முள்ளுக்குள் நடந்தார். "கடை பூராச் செருப்பு, காலு பூரா முள்ளு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவரோ குத்திய முள்ளைப் பிடுங்கி அய்யனார் காலடியில் வைத்துவிட்டு அடுத்த கட்டைத் தூக்குவார். கன்றுகள் ஆள் உயரம் தாண்டின. உடும்பு திரும்பியது. மயில் வந்தது.

பதினோராவது வருடம், திருவிழாவுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஊர்த்தலைவர் காட்டைத் தரையாக்கத் துணிந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை பொக்லைன் எல்லைக்கல்லை ஒட்டி வந்து உறுமியது. பத்தடி தள்ளி, வீரை மரத்தடியில், ஒரு பெண்மயில் ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. இரும்புக் கை அதன் தலைக்கு மேலே நீண்டது. மயில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டதே தவிர எழவில்லை.

பூமயில் அம்மாள் ஓடி வந்தார். அடைக்கலனார் கல்லுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, செருப்பக் கழட்டுப்பா."

ஓட்டுநர் மலைராசு பக்தியுள்ளவர். உடனே கழற்றினார்.

"வண்டிக்கு?"

"வண்டிக்கு ஏதுங்கய்யா செருப்பு?"

அடைக்கலனார் முன்சக்கரத்தைத் தொட்டார். "இது என்னது?"

"டயரு."

"நீ கழட்டிப் போட்டியே, அது?"

மலைராசு குனிந்து பார்த்தார். அடைக்கலனார் கையால் தைத்த டயர்ச் செருப்பு. உடனே எஞ்சினை அணைத்தார்.

"ஏய், ஓட்டுய்யா" என்றார் தலைவர்.

"அண்ணே, எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைக. சாமி குத்தம் ஆகாதுண்ணே."

தலைவரும் வருடாவருடம் அய்யனாருக்குக் கிடா வெட்டுகிறவர். கல்லைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். "சரி. முறைன்னா முறைதான். நாலையும் கழட்டிட்டு உள்ள போ."

ஜாக்கி வந்தது. ஒவ்வொரு டயராக இறங்க இறங்க, பூமயில் அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். உச்சிவெயிலில் நான்காவதும் கழன்றது. வண்டி சக்கரத்தின் இரும்புக் குடங்களோடு மணலில் உட்கார்ந்தது. மலைராசு ஏறி முடுக்கினார். அது ஒரு சாண் முன்னால் போகாமல் இரண்டு முழம் கீழே போனது.

கிளம்பிய புழுதியில் கோயில் மண்குதிரை தும்மியது. அதன் மேலிருந்த அய்யனார் வாய் திறந்தார்.

"அடைக்கலம், பதினோரு வருசமா ஒன் கால்ல தச்ச முள்ளெல்லாம் எனக்குல்லப்பா வலிக்குது. நீ மட்டும் செருப்புப் போட்டுக்கிட்டு உள்ள வா."

தலைவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அடைக்கலனார் கும்பிட்டார். ஆனால் வெறுங்காலோடுதான் உள்ளே போனார். மயில் அவருக்காகச் சற்று நகர்ந்து இடம் விட்டது.

முள்ளில் நடந்து காட்டை மீட்ட அந்தப் பாதங்கள் வாழ்க.

எங்கள் ஊர் ஓடைப்பாலம் ஒரு மாட்டுவண்டி அகலம்தான். அதைத் தாண்டி இன்றுவரை எந்தப் பொக்லைனும் ஊருக்கோ காட்டுக்கோ வந்ததில்லை.