தேக்கு இலைப் பொன்னாடை

குளத்துக்குக் கிழக்கால ஒரு மருதமரம். அதோட பொந்துலதான் காட்டுக்கே பொதுவான விதை வங்கி. கோடையில விதையக் கொண்டாந்து போட்டுட்டு, மழைக்காலத்துல எடுத்துக்கலாம். மேனேஜர் ஒரு உடும்பு, பேரு பொன்னுரங்கம். புடிச்சா விடமாட்டாரு. குறிப்பா, நாற்காலிய.

அவருக்குக் கீழ மூணு பேரு. முயல் கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடும். ஆமை எந்திரிச்சு கவுண்டருக்கு வர்றதுக்குள்ள வங்கி மூடிடும். மூணாவது அணிலு, பேரு செண்பகம். அதுதான் மொத்த வங்கியும். எந்த விதை ஈரம் பட்டா கெட்டுப்போகும், எந்த மைனாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, எல்லாம் அதுக்கு அத்துப்படி.

உடும்புக்கும் அது தெரியும். அதனாலதான் யாரு வந்தாலும், "செண்பகத்துகிட்ட போங்க"ன்னு கைகாட்டுவாரு. ஆனா "நல்லா செஞ்சம்மா"ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொன்னா தலைக்கு ஏறிடுமாம். அணிலு தலையே இத்துனூண்டு, அதுல எங்க ஏறுறது?

ஒரு நாள் செண்பகம் வந்து நின்னுச்சு.

"சார், குட்டிங்க நாளைக்கு முதல் தடவையா கிளை தாவுதுங்க. ஒரு நாள் லீவு வேணும்."

"நீ போயிட்டா கவுண்டர யாரு பாக்குறது?"

"முயல் அண்ணன் இருக்காரே சார்."

"அவன் செஞ்சதத் திருத்த உனக்கு ரெண்டு நாள் ஆவும். உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

குட்டிங்க தாவுச்சுங்க. அம்மா பாக்கல.

அடுத்த வாரம் ராஜினாமாக் கடுதாசி வந்துச்சு. குளத்துக்கு மேற்கால கீரி நடத்துற தனியார் வங்கிக்குப் போறேன்னு எழுதியிருந்துச்சு. உடும்பு சிரிச்சாரு.

"அங்கயா? காலையில டார்கெட், சாயந்திரம் திட்டு. வருஷத்துக்கு ஒரு கூட்டம் உள்ள போவும், இன்னொரு கூட்டம் வெளிய ஓடும். இங்க ஆயுசுக்கும் வேலை, அப்புறம் பென்ஷன். நோட்டீஸ் காலம் இன்னும் ஒரு மாசம் இருக்கு, அதுக்குள்ள உன் மனசு மாறிடும்."

அந்த ஒரு மாசமும் அவரு மாறல.

கடைசி நாள் பிரிவுபசார விழா. தேக்கு இலையில பொன்னாடை போர்த்துனதுல, செண்பகத்தோட வாலு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. உடும்பு பேச எந்திரிச்சாரு. பொந்துக்குள்ள வெள்ளம் வந்தப்போ செண்பகம் மூணு நாள் வீட்டுக்குப் போகாம விதை மூட்டையெல்லாம் மேல ஏத்துனதச் சொன்னாரு. "இந்தம்மா இல்லன்னா இந்த வங்கியே இல்ல"ன்னு முடிச்சாரு.

இலைக்கு அடியிலருந்து செண்பகம் எட்டிப் பாத்துச்சு.

"சார், இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அஞ்சு வருஷமாத் தெரியும்மா."

"எனக்குத்தான் சார் தெரியாது."

உடும்பு பக்கத்துல வந்தாரு. "இப்ப சொல்லிட்டேன்ல... இருந்துடேன்மா."

"வாக்குக் குடுத்துட்டேன் சார். அங்கயும் உசுர எடுப்பாங்க, தெரியும். ஆனா நல்லா செஞ்சா சாயந்திரமே பேரு சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லிடுவாங்களாம். அத ஒரு தடவையாச்சும் கேக்கணும் போல இருக்கு."

இலைய மடிச்சு மேஜை மேல வெச்சுட்டுப் போயிடுச்சு.

மறுநாள் கவுண்டர்ல உடும்பே உக்காந்தாரு. மத்தியானத்துக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு. கடைசி ஆளையும் அனுப்பிட்டு, யாராச்சும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு சுத்திப் பாத்தாரு. முயலும் ஆமையும் எப்பவோ வீட்டுக்குப் போயிருந்துச்சுங்க.

கூட உழைக்கிறவங்க அருமைய, அவங்க போற நாள்ல மேடை போட்டுச் சொல்லாம, இருக்குற நாள்லயே பக்கத்துல போய்ச் சொல்லிடணும்.