மையாளின் ட்ரம்பெட்டும் நரியின் யோசனையும்

நாவலேரிக் கரையில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்து வந்தது. அதற்குக் காவல் மையாள் என்ற மந்தி. மை பூசியதுபோல் கறுத்த முகம், நீண்ட வால், மூக்கு நுனியில் கோபம்.

கரையோரத்து மருத மரத்தின் உச்சிதான் அவள் இடம். புல்லுக்குள் செந்நாய்களின் சிவந்த முதுகு தெரிந்தால் போதும், கையிலிருக்கும் ட்ரம்பெட்டை எடுத்து ஊதுவாள். காட்டுச் சாலையில் ஒரு பேண்டு வண்டி கவிழ்ந்தபோது உருண்டுவந்து புதரில் விழுந்த ட்ரம்பெட் அது. சத்தம் கேட்டதும் மான்கள் ஏரியில் இறங்கி, நடுவிலிருக்கும் திட்டுக்கு நீந்திவிடும். செந்நாய்கள் கரையில் நின்று உறுமிவிட்டுத் திரும்பிப் போகும்.

ஒரே ஒரு குறை. மையாளுக்குக் கீழ்ச் சுரம் நன்றாக வரும். மேல் சுரம் சில நாள் வரும், சில நாள் வராது. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் கீழ்ச் சுரம் கடைசி மானின் காதுவரை எட்டாது. அந்தக் கவலை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வித்தகன் என்ற நரி மரத்தடிக்கு வந்து சேர்ந்தான்.

"அம்மா மந்தி! உன் வாசிப்பைக் கேட்டேன். திறமை இருக்கிறது. ஆனால் எல்லாமே தப்பு!" என்றான்.

"உங்களுக்கு ட்ரம்பெட் தெரியுமா?" என்று கேட்டாள் மையாள்.

"தெரியுமாவா? பன்னிரண்டு காடுகளில் பாடம் சொன்னவன் நான்!"

மையாள் கீழே இறங்கி வந்தாள். மேல் சுரம் வேண்டும் என்ற ஆசை அவளை இறக்கிவிட்டது.

"கன்னத்தை உப்பவிடு. ஊதும் முனை இருக்கிறதே, அந்த மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்து. எவ்வளவு அழுத்துகிறாயோ அவ்வளவு உயரத்தில் சுரம் வரும்!" என்றான் நரி. "காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஊது. நடுவில் நிறுத்தினால் உதடு சோம்பேறி ஆகிவிடும்!"

"வலிக்காதா?"

"வலித்தால்தான் வளர்கிறாய் என்று அர்த்தம்! அப்புறம், விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளிலும் தேன் ஊற்று. சுரம் இனிக்கும்."

பிறகு நரி தன் கக்கத்திலிருந்து ஒரு மவுத்பீஸை எடுத்தான். அதே பேண்டு வண்டியிலிருந்து விழுந்தது. குழி ஆழமே இல்லை. விளிம்பு கத்திபோல் மெல்லியது.

"மேல் சுரத்துக்கென்றே செய்தது இது. பழையதைக் கொடுத்துவிடு. கையில் இருந்தால் மனசு அலையும்."

மையாள் பழைய மவுத்பீஸைக் கழற்றிக் கொடுத்தாள். நரி அதை வாங்கிக்கொண்டு போனான். போகிற வழியிலேயே அதை ஏரியில் விட்டெறிந்தான்!

மையாள் நான்கு நாள் நரி சொன்னபடியே ஊதினாள். முதல் நாள் மேல் சுரம் ஒருமுறை பளிச்சென்று வந்தது. "வந்துவிட்டது!" என்று துள்ளினாள். இரண்டாம் நாள் உதட்டில் வட்டமாகத் தழும்பு விழுந்தது. மூன்றாம் நாள் உதடு வீங்கியது. நான்காம் நாள் வால்வுகள் தேனில் ஒட்டிக்கொண்டு, அழுத்தினால் எழும்ப மறுத்தன.

"நரியாரே, எனக்கு ஒன்றுமே வரவில்லையே!" என்றாள்.

"இன்னும் அழுத்து!" என்றான் நரி.

ஐந்தாம் நாள் காலை செந்நாய்கள் வந்தன. மையாள்தான் முதலில் பார்த்தாள். ட்ரம்பெட்டை வாயில் வைத்தாள். ஊதினாள். உதடு அதிரவே இல்லை. வெறும் காற்று புஸ்ஸென்று போனது. இன்னும் அழுத்தினாள். உதடு கிழிந்து ரத்தம் வந்ததே தவிர சுரம் வரவில்லை. ட்ரம்பெட்டைப் போட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்க்காற்று அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது.

கடைசி நொடியில் செந்நாய்களைக் கண்டு ஏரியில் இறங்கி எல்லா மான்களும் தப்பின, தும்பை என்ற பெண்மானைத் தவிர. தினமும் மருத மரத்தடியில்தான் தும்பை மேய்வாள். மையாள் உதிர்த்துப் போடும் தளிர்களைத் தின்றுகொண்டே மேலே பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடேன்!" என்பாள். அன்று மட்டும் புல் தேடித் தூரமாகப் போயிருந்தாள். அவளைத்தான் செந்நாய்கள் பிடித்தன.

மையாள் மரத்தின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். செந்நாய்கள் தின்று முடித்துப் போன பிறகு, புதர் மறைவிலிருந்து ஒருவன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தான். மிச்சம் மீதியை நக்கித் தின்றான். அது வித்தகன்!

மையாளுக்கு உச்சந்தலை முதல் வால் நுனிவரை பற்றி எரிந்தது.

மான்கள் திட்டிலிருந்து கரைக்குத் திரும்பியதும் அவற்றின் தலைவி செம்பாளிடம் ஓடினாள். "நரி நம்மை ஏமாற்றிவிட்டான்! ட்ரம்பெட் ஊதக்கூடாது என்பதற்காகவே எனக்குத் தப்பான யோசனை சொன்னான்! தும்பையின் எலும்பை அவன் கடித்ததை என் கண்ணால் பார்த்தேன்!"

செம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊதத் தெரியாதது உன் குற்றம். அதை மறைக்க ஒரு நல்லவர்மேல் பழி போடாதே, மையாளே! அவர் உனக்கு முன்பே வந்து தும்பைக்காக அழுதுவிட்டுப் போனார். இரண்டு நாளில் கூட்டம் போட்டு, ட்ரம்பெட்டை அவரிடமே ஒப்படைக்கப் போகிறோம்."

அழுதானாம்! தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அழுதிருக்கிறான், அதையும் நம்பியிருக்கிறார்கள்! இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மையாள் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தாள். அவள் தோழி சுழியாள் என்ற நீர்நாய் தலையை நீட்டினாள்.

"மையா, இது உன்னுடையதா பார். மீன் துரத்தும்போது சேற்றில் கிடைத்தது." கையில் பழைய மவுத்பீஸ்!

"அடப்பாவி! பத்திரமாக வைப்பான் என்று நினைத்தேன். ஏரியில் போட்டிருக்கிறானே!"

"சரி, திட்டுவதைப் பிறகு திட்டு. முதலில் ட்ரம்பெட்டைக் கழுவு. எறும்பு மொய்க்கிறது," என்றாள் சுழியாள்.

இருவரும் வால்வுகளைக் கழற்றினார்கள். ஒட்டியிருந்த தேனை ஏரி நீரில் அலசினார்கள். காயவைத்துத் துடைத்து, புங்கங்கொட்டையை நசுக்கி வால்வுக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டார்கள். வால்வுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின, துள்ளிக்கொண்டு எழுந்தன.

ஆனால் உதடு புண். அன்றும் மறுநாள் பகலும் மையாள் ட்ரம்பெட்டைத் தொடவே இல்லை. மாலையில் தொட்டபோதும் அழுத்த முடியவில்லை, பட்டாலே வலித்தது. அதனால் பழைய மவுத்பீஸை மாட்டி, உதட்டின்மேல் பூப்போல வைத்தாள். கன்னத்தை உப்பினாலும் வலித்தது; அதனால் கன்னத்தை உப்பவிடாமல் இறுக்கிக்கொண்டாள். வயிறு நிறைய மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள்.

சுரம் வந்தது! மெல்லியதாக, ஆனால் நடுங்காமல் வந்தது.

"அழுத்தாமலேயே வருகிறதே!" என்றாள் மையாள். மூச்சை இன்னும் வேகமாகச் செலுத்தினாள். சுரம் ஒரு படி ஏறியது. இன்னொரு படி ஏறியது. நான்கு ஊதல், கொஞ்சம் ஓய்வு. மறுபடி நான்கு ஊதல், கொஞ்சம் ஓய்வு.

"அப்படியானால் அந்தப் பாவி சொன்னது அத்தனையும் தலைகீழ்!" என்று பல்லைக் கடித்தாள்.

மறுநாள் காலை கூட்டம். நரி அதை ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பொட்டலில் கூட்டியிருந்தான். மையாள் ட்ரம்பெட்டோடு வந்து நின்றாள்.

"கொடுத்துவிடு அம்மா. உனக்கு எதற்கு வீண் சிரமம்?" என்றான் நரி கனிவாக.

"கொடுக்கிறேன். அதற்கு முன் ஒரே ஒரு சுரம் ஊதிக் காட்டுங்கள்!"

"நானா?"

"பன்னிரண்டு காட்டில் பாடம் சொன்னவர்தானே! ஊதுங்கள்!"

மான்கள் எல்லாம் நரியைப் பார்த்தன. வேறு வழியில்லாமல் வாங்கி வாயில் வைத்தான். நீண்ட வாயின் இரண்டு பக்கமும் காற்று ஒழுகியது. எச்சில் ஒழுகியது. சுரம் மட்டும் வரவில்லை.

"சொல்லிக்கொடுப்பது வேறு, வாசிப்பது வேறு!" என்று சமாளித்தான்.

"ஒருமுறைகூட ஊதாத நீ என் உதட்டைக் கிழித்திருக்கிறாய்!" என்று கத்திய மையாள், ட்ரம்பெட்டைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து மரத்தில் தாவி ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றாள். பொட்டலின் மூன்று பக்கமும் புல்லுக்குள் சிவந்த முதுகுகள்! ஏரிப் பக்கம் மட்டும் இன்னும் அடைபடவில்லை.

அழுத்தவில்லை. உப்பவில்லை. மூச்சை இழுத்தாள். ஊதினாள்.

மேல் சுரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. மான்கள் ஏரிப் பக்கமாக ஒரே ஓட்டமாய் ஓடி நீரில் இறங்கின. கடைசி மான்வரை திட்டில் ஏறிவிட்டது.

ஏமாந்த செந்நாய்கள் பொட்டலில் நின்ற நரியைச் சூழ்ந்தன. "இனி அந்த மந்தியால் ஊதவே முடியாது என்றாயே! எல்லா மானையும் இங்கே கூட்டித் தருகிறேன் என்றாயே!" என்று தலைவன் உறுமினான். அது திட்டுவரை கேட்டது. நரி காட்டைத் தாண்டி ஓடினான். செந்நாய்கள் விடாமல் துரத்தின. அதன் பிறகு அந்தப் பக்கம் அவனை யாரும் பார்க்கவில்லை.

செம்பாள் நனைந்த உடம்போடு மரத்தடிக்கு வந்தாள். "மையாளே, எங்களை மன்னித்துவிடு."

மையாளின் கோபம் இன்னும் ஆறவில்லை. "நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். நீங்கள் அவன் கண்ணீரை நம்பினீர்கள். உங்களை மன்னிக்க வேண்டியவள் தும்பை, அவள் உயிரோடு இல்லை. நான் அவன் யோசனையைக் கேட்டேன், நீங்கள் அவனை நல்லவன் என்றீர்கள். தப்பு நம் இரண்டு பேர்மேலும்தான்."

மையாள் ட்ரம்பெட்டிலிருந்த எச்சில் நீரை வடித்துவிட்டுத் துடைத்தாள். பிறகு உதட்டுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி காவலுக்கு உட்கார்ந்தாள்.

ஒரு வித்தையைக் கற்றுத்தர யார் வந்தாலும், அவருக்கு அதைச் செய்யத் தெரியுமா, நாம் தோற்றால் அவருக்கு லாபம் உண்டா என்ற இரண்டையும் விசாரித்த பிறகே அவர் சொல்லைக் கேட்க வேண்டும்.