ஆறு விநாடி விளக்கு

கோயம்புத்தூரில் வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டு போர்டிகோவில் ஒரு சிவப்புக் கார் இருந்தது. இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாத கார். தரையோடு தரையாகப் பறப்பதற்கென்றே செய்தது. அது யாருக்கும் பயந்ததில்லை, வேகத்தடைக்கு மட்டும் பயப்படும்.

அந்தக் காரின் டேஷ்போர்டில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு குடியிருந்தது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவன் முன்னால் ஒரு பந்து. இதுதான் அதன் உருவம். பக்கத்தில் இருந்த பிரேக் விளக்கும் பேட்டரி விளக்கும் அதைப் "பந்து பொறுக்கி" என்று கூப்பிட்டுக் கேலி செய்யும்.

அதற்கு ஒரு நடைக்கு ஆறு விநாடி வேலை. சாவியைத் திருப்பியதும் எரியும். இரண்டு சீட்டுகளின் விலாவிலும் தையலுக்குப் பின்னால் ஆளுக்கொரு காற்றுப்பை மடித்த மடிப்புக் கலையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். வண்டி எங்காவது மோதினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்து, உட்கார்ந்திருப்பவரின் விலா எலும்பைக் காப்பாற்ற வேண்டியவை அவை. விளக்கு அவற்றைக் கூப்பிடும்.

"இருக்கியா?"

"இருக்கேன்" என்று வலது பை சொல்லும்.

"இருக்கேன்பா, தூங்க விடு" என்று இடது பை சொல்லும்.

உடனே விளக்கு அணைந்துவிடும். எரிவதில் என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எரியலாம். அணைவதுதான் அது கொடுக்கும் வாக்கு. கேட்டுவிட்டேன், இருவருக்கும் காவல் இருக்கிறது, கிளம்புங்கள் என்று அர்த்தம். அந்த வாக்கு ஒருநாளும் பொய்யாகிவிடக் கூடாது என்பதைத் தவிர விளக்குக்கு வேறு ஆசை கிடையாது.

காரின் சொந்தக்காரி நிரஞ்சனா. பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். நாலு பேர் முடியாது என்றால் ஏன் முடியாது என்று கேட்கிற ரகம். வண்டிக்குப் புது சீட் போடலாமா என்று விசாரிக்க அவள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தாள். வண்டி அவள் பெயரில் இருந்தது, கேள்வியும் அவள்தான் கேட்டாள். கவுண்டரில் இருந்தவரோ அவள் கணவன் பூபதியைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சார், நீங்களே மேடத்துக்கு எடுத்துச் சொல்லுங்க. இதெல்லாம் அவங்களுக்குப் புரியாதுங்க."

பூபதிக்குக் கார் பானெட்டை எந்தப் பக்கம் திறப்பது என்பதே தெரியாது. அவன் அசடு வழியச் சிரித்தான். நிரஞ்சனா சிரிக்கவில்லை. இனி இந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட அடுத்தவர் கை தொடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். அடுத்த மாதம் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில், அவரவரே அலங்கரித்த வண்டிகளுக்கு ஒரு போட்டி இருந்தது. அதற்குப் பெயரும் கொடுத்துவிட்டாள்.

பெட்டி பெட்டியாகச் சாமான்கள் வந்து இறங்கின. முதலில் வந்தது பின்பக்கத்தில் இறக்கை மாதிரி மாட்டுகிற ஸ்பாய்லர். வந்ததிலிருந்தே அதற்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே என்னைப் பார்த்துத்தான் இந்த வண்டியை ஜனங்க அடையாளம் சொல்லுவாங்க" என்றது.

அடுத்து பானெட்டின் மேல் ஒட்டுகிற இரண்டு காற்றுத் துவாரங்கள் வந்தன. பார்க்கத் துவாரம்தான், உள்ளே அடைப்பு.

"காத்து உங்க வழியாப் போகுமா?" என்று விளக்கு வெகுளியாகக் கேட்டது.

"போகாது. போற மாதிரி இருப்போம். அது போதாதா?" என்றன இரண்டும் ஒரே குரலில்.

கடைசியாக வந்தவை கறுப்புத் தோலில் சிவப்பு நூல் ஓடிய இரண்டு பந்தய சீட்டுகள். அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் அவற்றின் விலாவில் பஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை.

நிரஞ்சனாவின் வேலை சுத்தமான வேலை. அதில் குற்றம் சொல்ல யாருக்கும் வாயில்லை. சனிக்கிழமை காலையில் முதல் காரியமாகப் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தாள். பழைய சீட்டுகளின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். சீட்டுக்கு அடியில் காற்றுப்பைகளுக்குப் போகும் மஞ்சள் கனெக்டர்களைப் பக்குவமாகப் பிரித்தாள். தூங்குகிற பைகளைச் சுமந்துகொண்டு பழைய சீட்டுகள் ஸ்டோர் ரூமுக்குப் போயின. புது சீட்டுகளை இறக்கி, நான்கு போல்ட்டையும் முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் முறுக்கினாள். முழங்கையில் கிரீஸ், நெற்றியில் வேர்வை, முகத்தில் சொல்ல முடியாத ஒரு பெருமை. பேட்டரியை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

எல்லா விளக்குகளும் எரிந்தன. எல்லாம் அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை.

"இருக்கியா?" என்று அது மறுபடியும் கூப்பிட்டது. வலது பக்கத்திலிருந்தும் பதில் இல்லை, இடது பக்கத்திலிருந்தும் பதில் இல்லை.

"டேய் பந்து பொறுக்கி, ஆறு விநாடி ஆச்சு. அணை" என்றது பிரேக் விளக்கு.

"கேட்டேன், யாரும் இருக்கேன்னு சொல்லலை. நான் எப்படி அணையறது?"

"விளக்கு அண்ணா, எங்க மானத்தை வாங்காதீங்க. நாளைக்கு மைதானத்துல நாலு பேர் எங்களைப் பார்க்க வர்றாங்க" என்று கெஞ்சியது புது சீட்.

"உன் அழகை நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. உனக்குள்ள பை இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

பின்னாலிருந்து ஸ்பாய்லர் குரல் கொடுத்தது. "சுண்டைக்காய் அளவு இருந்துக்கிட்டு என்ன திமிர் பாரு."

ஆமாம், திமிர்தான். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தத் திமிரும் இல்லாவிட்டால் அது வெறும் அலங்கார பல்பு.

நிரஞ்சனா சாவியை மூன்று முறை அணைத்துப் போட்டாள். விளக்கு மூன்று முறையும் கேட்டது, மூன்று முறையும் எரிந்தபடியே நின்றது. அது எதற்கான விளக்கு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் வந்தது. இந்த விளக்கோடு மைதானத்துக்குப் போனால் பார்க்கிறவன் என்ன சொல்வான்? பொம்பளை கை வைத்தாள், வண்டி கோளாறாகிவிட்டது என்பான். கார் சாமான் கடை வைத்திருக்கும் சபரிநாத்துக்குப் போன் போட்டாள். அவன் ஸ்கூட்டரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, இதுக்குப் போயி மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டு இருக்கீங்களா. ஒரு துண்டு டேப்பு ஒட்டுங்க, சோலி முடிஞ்சுது."

கறுப்பு டேப் வந்து விளக்கின் முகத்தில் படுத்தது. "மனசுல வெச்சுக்காதீங்க, என் பொழப்பு இது" என்று முணுமுணுத்தது.

"உன் பொழப்பை நீ பாரு, என் வேலையை நான் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு, சாவியை அணைக்கும்வரை விளக்கு டேப்புக்கு அடியில் எரிந்துகொண்டே இருந்தது. மத்தியான வெயிலில், மூடிக் கிடந்த காருக்குள் டேப்பின் பசை இளகியது. மூன்று மணிக்கு நிரஞ்சனா கதவைத் திறந்தபோது டேப் சுருண்டு கீழே விழுந்து கிடந்தது. சாவியைத் திருப்பினாள். விளக்கு அவளை நேருக்கு நேராகப் பார்த்தது.

சபரிநாத் மறுபடியும் வந்தான். இந்த முறை சட்டைப் பையில் அரிசி அளவில் இரண்டு ரெசிஸ்டர்கள் கொண்டுவந்திருந்தான்.

"இதை அந்த மஞ்சக் கனெக்டர்ல சொருகிட்டா, ஏர்பேக் இருக்குதுன்னு வண்டி நம்பிக்கும். என் வண்டில இப்படித்தாங்க்கா. எல்லார் வண்டிலயும் இப்படித்தான்."

நிரஞ்சனா ரெசிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து சொருகினாள்.

விளக்கு எரிந்தது. "இருக்கியா?"

"இருக்கேன்." வலது பக்கம் பதில் வந்தது.

"இருக்கேன்." இடது பக்கமும் வந்தது.

குரல் அச்சு அசலாக அதே குரல். விளக்கு அணைந்தது. ஸ்பாய்லர் "அப்பாடா" என்றது. வீட்டுக்குள்ளிருந்து வந்த பூபதி, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டான். நிரஞ்சனா கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் இருக்குங்க" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். வண்டி மருதமலை ரோட்டில் ஜம்மென்று போனது. ஆனால் விளக்குக்கு இருட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வழக்கமாகத் தூங்க விடு என்று சலித்துக்கொள்ளும் இடது பை நேற்றிலிருந்து சலித்துக்கொள்ளவே இல்லையே. மெதுவாகக் கேட்டது.

"ஏம்ப்பா, நீ யாரு?"

"இருக்கேன்" என்றது இடது பக்கம்.

"அது சரி. மோதினா விரிவியா?"

ஒரு சின்னக் குரல் வந்தது. "நானாங்க? எனக்கு விரியத் தெரியாதுங்க. கொஞ்சம் சூடாகத் தெரியும். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்து இங்கே வெச்சிருக்காங்க, சொல்லிட்டு இருக்கேன்."

விளக்குக்குத் திக்கென்றது. அப்படியானால் நேற்று அது அணைந்தது பொய். இப்போது அணைந்திருப்பதும் பொய். இடது சீட்டில் பூபதி தன் பாட்டுக்கு ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். அந்த நிம்மதி விளக்கு கொடுத்தது.

"நான் எரியப் போறேன்" என்றது விளக்கு.

வேகமானி அதட்டியது. "சட்டம் தெரியுமா உனக்கு? சாவி திருப்பினா கேக்கணும், பதில் வந்தா அணையணும். நடுரோட்டுல, பதில் வந்த பிறகு, யாரும் கேக்காம எரியறதுக்கு உனக்கு உரிமை கிடையாது."

"தெரியும்."

"உன்னைப் பிடுங்கி எறிஞ்சுடுவாங்க."

"எறியட்டும். அணைஞ்சு கிடந்து பொய் சொல்றதுக்கு, குப்பையில கிடந்துட்டுப் போறேன்."

லாலி ரோட்டு சிக்னலில் வண்டி நின்றது. விளக்கு எரிந்தது. தன் பிறப்பில் முதல் முறையாக, யாரும் கேட்காமல், தன் இஷ்டத்துக்கு எரிந்தது.

பூபதி அதைப் பார்த்துவிட்டான். "நிரு, அதென்ன செவப்பா எரியுது?"

நிரஞ்சனாவின் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. ஒண்ணுமில்லீங்க, சும்மா எரியும், தானே அணைஞ்சிரும். அதைச் சொல்ல வாயைத் திறந்தவள், சிவப்பு விளக்கைப் பார்த்தாள், பூபதியைப் பார்த்தாள். பச்சை விழுந்ததும் வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"உங்க சீட்டுல ஏர்பேக் இல்லீங்க. என் சீட்டுலயும் இல்ல. இருக்குதுன்னு வண்டிகிட்டப் பொய் சொல்லி வெச்சிருக்கேன்."

பூபதி சீட்டின் விலாவைத் தடவிப் பார்த்தான். "நேத்து எங்கிட்டயும் அதையேதான் சொன்னியா?"

"ஆமாங்க."

அவளுக்கு அழுகை வந்தது, அழவில்லை. இறங்கி, மண்டி போட்டு, இரண்டு கனெக்டரிலிருந்தும் ரெசிஸ்டரை உருவி எடுத்தாள். விளக்கு முழுசாக, கூச்சமில்லாமல் எரிந்தது.

"நீங்க ஒரு ஆட்டோ பிடிச்சு வந்திருங்க. நான் மெதுவா உருட்டிட்டே வர்றேன். நாளைக்குப் பழைய சீட்டைத் திரும்ப மாட்டிடறேன்" என்றாள்.

"இந்த லைட்டோடவா அங்க போற?"

"இதோடதான்."

பூபதி ஆட்டோவில் அவளுக்கு முன்னாலேயே மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே இருபது வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் புது சீட். எல்லா டேஷ்போர்டும் இருட்டு. விளக்கு கண்ணாடி வழியே பக்கத்து வண்டியைப் பார்த்தது. அங்கே ஒரு டேப்புக்கு அடியிலிருந்து அடைத்த குரல் ஒன்று வந்தது.

"ஏம்ப்பா, நீ எப்படி வெளியே எரியறே? விட்டாங்களா?"

"நான் யாரையும் கேக்கலை" என்றது விளக்கு.

வெள்ளைச் சட்டை போட்ட நடுவர் ஒருவர் மார்க்கு போடுகிற அட்டையும் பேனாவுமாக வந்தார். ஸ்பாய்லரைத் தட்டிப் பார்த்தார், துவாரங்களைப் பார்த்தார், சீட்டின் போல்ட்டுகளைக் குனிந்து பார்த்தார். "வேலை நறுக்குன்னு இருக்குதுங்க. நீங்க பண்ணுனதா?" என்று பூபதியைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவங்களைக் கேளுங்க" என்றான் பூபதி.

நடுவர் உள்ளே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், ஏர்பேக் லைட்டு எரியுதே. டேப்பு இருந்தா ஒட்டிடுங்க. நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன், பார்க்காத மாதிரி இருந்துக்கறேன்."

"அது சரியாத்தாங்க எரியுது. சீட்டுல ஏர்பேக் இல்ல. நாந்தான் கழட்டுனேன்."

நடுவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. வரிசையில் நின்ற மற்ற வண்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அதில்லைங்க, இப்படியே எரிஞ்சுதுன்னா நான் மார்க்கு குறைக்க வேண்டியிருக்குமே."

நிரஞ்சனா அவர் கையிலிருந்த அட்டையை எழுதத் தோதாக நேராகப் பிடித்துக் கொடுத்தாள்.

"குறைச்சுக்கங்க."