கீமோ அறையில் ஒரு நாற்காலி

இந்தக் கதையைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் வேலை பார்ப்பவள் செண்பகவல்லி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். வரிசையில் குறுக்கே புகுந்தவன் கவுன்சிலரின் மச்சானாகவே இருந்தாலும், அவள் போடும் சத்தத்தில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொள்வான். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. பரிசோதித்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னதுதான் தாமதம், ஊரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டதால் வந்தது என்றார் ஒருத்தர். யார் விட்ட சாபமோ என்றாள் ஒருத்தி. இந்த வியாக்கியானத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவள் என்ன கல்லா? நான் யார் குடியைக் கெடுத்தேன், எனக்கு எதற்கு இது என்று கத்தினாள். கத்தட்டுமே! அதுதான் கூடாதாம்.

அவள் புருஷன் கோமதிநாயகம் முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கு நின்ற மனுஷன். இப்போது காப்பியில் சீனி இல்லை என்று அவள் ஏசினால், தலையைக் குனிந்தபடி வேறு காப்பி போட்டு வந்தான். அடுப்படியில் நின்று அவன் அழுவதும் அவளுக்குத் தெரியும். தங்கை புஷ்பம் தூத்துக்குடியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, அக்காவை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை. எரிச்சல் தாங்காமல் செண்பகம் டம்ளரை வீசியபோதும், சிந்தியதைத் துடைத்துவிட்டு, கோபப்பட்டால் உடம்புக்கு ஆகாது, நல்லதையே நினைக்கணும் என்று தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அப்புறம் வந்தாள் வடிவு, கோமதிநாயகத்தின் அக்காள். நாத்தனாருக்கும் செண்பகத்துக்கும் தீராத பகை. வடிவு தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல், பத்திரிகையை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். செண்பகம் அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை.

"கல்யாணத்துக்கு அழைக்க வழி தெரியாத மதினிக்கு, சீக்காளியைப் பாக்க மட்டும் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றாள் செண்பகம்.

"உனக்கு நோவு வந்துட்டா, நீ செஞ்சது சரியாயிருமா? என் மக கல்யாணத்துக்கு நீ வரல, வரலதான்" என்றாள் வடிவு.

டம்ளர் பறந்தது. வடிவு அதைப் பொறுக்கித் திருப்பி வீசினாள், அது பீரோவில் பட்டு நசுங்கியது. நோயாளியிடம் இப்படியா என்று ஆளாளுக்கு அவளை ஏச, தம்பியே வெளியே போகச் சொன்னான். "முடி கொட்டி, மறுபடி முளைச்சு, தேறி வா. அப்போ இருக்கு உனக்குக் கச்சேரி" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள் வடிவு. அன்றைக்கு மத்தியானம் செண்பகம் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

முதல் கீமோ நாள். மருந்து ஏற்றும் அறையில் நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிதான் உண்டு. கூட வருவது யார் என்று நர்ஸ் கேட்டாள். தாலி கட்டியவன் நான் என்று பிளாஸ்க்கோடு முன்னால் வந்தான் கோமதிநாயகம். கூடப் பிறந்தவள் நான், பொம்பளைக்குப் பொம்பளைதான் துணை என்றாள் புஷ்பம். வீட்டை விட்டுப் போகச் சொல்லியும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்ட வடிவு தூணோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்றாள்.

அன்பு கொட்டிக் கிடக்கிற இடம் எது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். செண்பகம் யாரை உள்ளே கூட்டிப் போனாள்? அது சரிதானா?

விடை: வடிவைத்தான் கூட்டிப் போனாள். சரியேதான், நூறு தடவை கேட்டாலும் அதையே சொல்வேன். மற்ற இருவரின் பாசமும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாசம் அவளை உயிரோடு இருக்கும்போதே படமாக்கி மாலை போட்டுவிட்டது, அவள் கோபத்தையும் பிடுங்கிக்கொண்டது. நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று புஷ்பம் அழுதபோது, செண்பகம் கதவருகே நின்று சொன்னாள்: "சாகப் போறவளுக்குத்தான் எல்லாத்தையும் விட்டுக் குடுப்பாங்க. இவ எனக்கு ஒண்ணையும் விட்டுக் குடுக்க மாட்டா."