விரால் சுத்தம் செய்த குளம்

காட்டோரத்துக் குளம் ஒன்றில் ஒரு விரால் மீன் தன் குஞ்சுகளோடு குடியிருந்தது. அதற்கு அதுதான் முதல் ஈற்று. தகப்பன் விரால் ஒரு நாள் தூண்டிலில் மாட்டிப் போய்விட்டது. அன்றிலிருந்து தாய்க்குத் தூக்கம் கிடையாது. ஒரு பாசி அசைந்தால் போதும், பாய்ந்து போய்க் குஞ்சுகளை வளைத்துக்கொள்ளும்.

அசையாத பாசி அந்தக் குளத்தில் ஏது? குளம் முழுக்கப் பாசியும் அல்லிக்கொடியும் பின்னிக் கிடந்தன. அதற்குள்ளேதான் ஒரு தண்ணீர்ப்பாம்பும் இருந்தது. எந்த இலைக்கு அடியில் இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

விரால் குஞ்சுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் கூட்டமாக மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடிக்க வேண்டும். சிவப்புச் சிவப்பாய் அவை மேலே போகும்போதெல்லாம் தாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே போகும்.

கரையில் சாய்ந்திருந்த கருவேல மரக் கிளையிலிருந்து ஒரு மீன்கொத்தி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. குஞ்சுகள் மேலே வருவது அதற்குத் தெரியும். ஆனால் பாசி மறைத்தது. குறி வைக்க வழியில்லை.

"என்ன விரால் அக்கா, முகமே வாடிப் போச்சு?" என்றது மீன்கொத்தி.

"பாம்பு எங்க கிடக்குன்னே தெரியலை தம்பி. பிள்ளைங்களை வச்சிக்கிட்டு எப்படி நிம்மதியா இருக்கிறது?"

"இவ்வளவு குப்பையை வச்சிக்கிட்டா பாம்பு வராம என்ன பண்ணும்? நாமக்கோழிங்களைக் கூப்பிட்டுச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அடித்தரை வரைக்கும் தெரியும். அப்புறம் பாம்பு எங்க போய் ஒளியும்?"

விராலுக்கு அது நியாயமாகப் பட்டது. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்றுகூட நினைத்தது.

நாமக்கோழி என்கிற நீர்ப்பறவைகளுக்குப் பாசிதான் சாப்பாடு. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு எதிர்க்கரையில் மேய்ந்துகொண்டிருந்தவை, விருந்துக்கு அழைத்தால் வராமல் இருக்குமா? குடும்பத்தோடு வந்து இறங்கின. வேரோடு பிடுங்கின. அல்லிக்கொடியையும் விடவில்லை. மேட்டு மூலையில் மட்டும் கொஞ்சம் இலை மிஞ்சியது, அதுவும் வயிற்றில் இடமில்லாததால்.

குளம் கண்ணாடியாகிவிட்டது. அடியில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. விரால் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு சுற்று நீந்தியது.

"பார்த்தியா, எவ்வளவு தூரம் தெரியுது!" என்று அல்லி இலையில் குடியிருந்த தவளையிடம் பெருமையடித்தது.

தவளை மூட்டை கட்டாத குறையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. "உனக்குத் தெரியுதுன்னா மத்தவங்களுக்கும்தானே தெரியும்? எனக்கு உட்கார ஓர் இலை இல்லை. நான் பக்கத்து ஓடைக்குப் போறேன் தாயே," என்று சொல்லிவிட்டுத் தாவிப் போய்விட்டது.

அதன் அர்த்தம் விராலுக்கு உடனே புரியவில்லை. குஞ்சுகள் காற்றுக் குடிக்க மேலே போயின. தெளிந்த தண்ணீரில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. மேலேயிருந்து நீலமாக ஏதோ விழுந்தது. தண்ணீர் தெறித்தது. கூட்டத்தில் ஒரு குஞ்சு இல்லை.

கிளையில் மீன்கொத்தி அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"தம்பி, நீயா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. சுத்தமான இடத்துலதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்," என்றது மீன்கொத்தி.

விரால் அழவில்லை. அழ நேரமில்லை. குஞ்சுகளுக்கு மறுபடி மூச்சு முட்டும், மறுபடி மேலே போக வேண்டும். தண்ணீரில் வருகிற எதிரியையாவது முட்டிப் பார்க்கலாம், விரால் தலை கல்லு மாதிரி. வானத்திலிருந்து விழுகிறவனை எதைக் கொண்டு முட்டுவது? குளம் முழுக்கப் பார்த்தது. ஒளிய இடம் மேட்டு மூலை ஒன்றுதான்.

குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனது. இலைக்கு அடியில் தண்ணீர்ப்பாம்பு சுருண்டு கிடந்தது.

"வாம்மா. என்னை விரட்டப் பார்த்தே, இப்ப என் வீட்டுக்கே குடி வந்துட்டே," என்றது பாம்பு.

"இருக்கிறது இந்த ஒரு வீடுதான் அண்ணே. பிள்ளைங்க பக்கம் வந்தீங்கன்னா முட்டுவேன்."

"வராம எப்படி இருப்பேன்? நான் தவளை தின்னு பிழைச்சவன். இலையோட தவளையும் போச்சு. இப்ப எனக்குப் பசி." ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுப் பாம்பு பாய்ந்தது.

விரால் அதன் விலாவில் ஒரு முட்டு முட்டியது. பாம்பு புரண்டு போய்ச் சேற்றில் விழுந்தது. மறுபடி வந்தது. மறுபடி வாங்கிக்கொண்டது. கடைசியில் கரையேறி, தவளை போன ஓடைப் பக்கமாக நெளிந்து போனது.

இத்தனை நாள் எதற்கு நடுங்கினோமோ அதைத் தன்னால் முட்டித் தள்ள முடியும் என்று விராலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு குஞ்சுகள் இரண்டு இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் மட்டும் தலை நீட்டக் கற்றுக்கொண்டன. ஒரு வாய் காற்று, உடனே இலைக்கு அடியில். மீன்கொத்தி பாய்ந்து பாய்ந்து பார்த்தது. ஒரு தரம் அல்லி இலையில் அலகு குத்தி, அதை உதறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மறைவில்லாத குளத்தில் மற்ற பொடிமீன்களும் தங்கவில்லை. வெறும் கூழாங்கற்களைப் பார்த்துப் பசி ஆறுமா? மீன்கொத்தி வேறு குளம் தேடிப் பறந்துபோனது.

மழை வந்தது. பாசி மறுபடி படர்ந்தது. தவளை திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே பாம்பும் வந்தது. நாமக்கோழிகளும் ஆசையோடு வந்து நின்றன.

"எதிர்க்கரையில மேயுங்க, இந்தப் பக்கம் வேண்டாம்," என்றது விரால்.

"அப்புறம் பாம்பு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதே?" என்றது ஒரு நாமக்கோழி.

"தெரியாதுதான்," என்றது விரால். "என் பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னும் யாருக்கும் தெரியாது."

எதிரி ஒளிந்திருக்கும் புதரை அழிக்கும் முன்னால், அதே புதரில் நம் பிள்ளைகளும் ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.